சிவப்புப் பென்சிலும் ஒற்றை விசையும்



ஒரு கட்டடம் நிலத்தில் எழுவதற்கு முன்னர் தாளில் எழுகின்றது. தாளில் எழுந்தபின் அது பலர் பார்வைக்கும் உட்பட்டுப் பலமுறை வெட்டும் குத்தும் படுகின்றது. கட்டடக் கலைஞர் வரைந்த படத்தைப் பொறியியலாளர் பார்த்து, 'இத்தூண் இங்கே நிற்கலாகாது' என்று சுற்றிக் கோடிடுவார். நீர்க்குழாய் வேலைக்குப் பொறுப்பானவர், தமது குழாய் செல்லும் வழியில் ஒரு விட்டம் குறுக்கிடுவதைக் கண்டு அம்புக்குறி போடுவார். கணிய அளவையாளர், அதாவது நாம் கியூ.எஸ். என்று அழைக்கின்றவர், கதவுகளையும் யன்னல்களையும் ஒவ்வொன்றாக எண்ணி, எண்ணியவற்றின்மேற் புள்ளியிட்டுக்கொண்டு போவார். படத்தின்மேல் இவ்வாறு எழுதுகின்ற வேலைக்கு அலுவலகங்களில் 'மார்க்அப்' என்று பெயர். திருத்தம் என்று அதனைத் தமிழிற் சொல்லலாம். ஆயின் எழுதப்படுவன யாவும் திருத்தங்கள் அல்ல. வினாக்களும் உண்டு, எண்ணிக்கைகளும் உண்டு. ஆதலால் 'குறிப்பு' என்ற பொதுச்சொல்லையே நான் இப்பேச்சில் வழங்குவேன்.

இக்குறிப்புகளைக் கணினித் திரையில் விரைந்து எழுதுதற்கு, அவரவர் தமக்கென அமைத்துக்கொள்ளும் கருவிகளும், அக்கருவிகளை ஒரே விசையால் அழைக்கும் முறையும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இஃது ஒரு சிறு தந்திரந்தானே, இதற்கு ஒரு வானொலிப் பேச்சு வேண்டுமா என்று எண்ணுவோர் இருக்கலாம். விரைவு என்பது எங்கே நன்மை செய்கின்றது, எங்கே உயிருக்கே உலை வைக்கின்றது என்பதை இச்சிறு தந்திரத்தில் தெளிவாகக் காணலாம் என்பதனாலேயே இதனைத் தெரிந்தெடுத்தேன்.

முன்னாளில் இவ்வேலைக்கு வேண்டிய ஆயுதம் ஒரு சிவப்புப் பென்சில். இங்கிலாந்தைச் சேர்ந்த சேர் ஜோன் ஹேர்ஷல் என்ற அறிஞர் 1842இல் கண்ட நீலப் படியெடுப்பு முறை பின்னர் கட்டடத் தொழிலுக்கும் வந்தது. மூலப்படம் பெட்டியிற் பத்திரமாக இருக்க, அதன் படிகள் பலர் கைக்கும் போயின. அதன்பின் வெள்ளைத் தாளிற் கோடு தெரியும் படிகள் வந்தன; அவற்றின்மேற் சிவப்புப் பென்சில் அரசோச்சியது. படவரைஞரின் மேசையைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என நாலைந்து பென்சில்கள் வரிசையாகக் கிடக்கும். பிழையென்றால் சிவப்பு. பார்த்துச் சரிகண்ட இடமென்றால் மஞ்சள். ஏனைய நிறங்களுக்கு அலுவலகத்துக்கு அலுவலகம் வேறு வழக்கு உண்டு. அந்த மனிதர் கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமலே கையை நீட்டுவார்; வேண்டிய பென்சில் விரலில் வந்து நிற்கும். அதன் நிறமும் தடிப்பும் அதனோடேயே இருந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னர், 'எந்த நிறம், எவ்வளவு தடிப்பு' என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

கணினி வந்தபோது அந்த மேசை போயிற்று. அடோபி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஜோன் வார்னொக் 1991இல் எழுதிய ஒரு திட்டத்திலிருந்து பிறந்து, 1993இல் வெளிவந்த பீ.டீ.எவ். என்னும் கோப்பு வகை, எந்தக் கணினியிலே திறந்தாலும் ஒரே தோற்றம் காட்டும் தாளாக உலகெங்கும் பரவியது. 2008இல் அது சர்வதேச நியமமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. தாளின் முகத்தை மாற்றாமல் அதன்மேற் குறிப்பெழுதும் ஏற்பாடும் அந்நியமத்திலே உண்டு. கட்டடத் தொழிலாளருக்கென்றே இவ்வேற்பாட்டை விரித்துச் செய்த மென்பொருள்களுள் பெயர்பெற்றது புளூபீம் ரெவு. கலிபோர்னியாவில் பசடீனா என்னும் நகரில் 2002இல் தொடங்கிய நிறுவனம் அதைச் செய்தது. 2014இல் ஜேர்மனியின் நெமெற்செக் குழுமம் அந்நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. நான் சொல்லப்போகும் விவரங்கள் பெரும்பாலும் இந்த மென்பொருளுக்கு உரியவை. வேறு மென்பொருள் வைத்திருப்போரும் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டு கேட்கலாம்.

திரையிலே ஒரு குறிப்பெழுதும் முறையைப் பாருங்கள். அம்புடன் கூடிய எழுத்துப் பெட்டி ஒன்று வேண்டும். கருவிகளின் வரிசையில் அதைத் தேடிச் சொடுக்குகின்றோம். நிறப் பட்டியலைத் திறந்து சிவப்பைத் தெரிகின்றோம். கோட்டின் தடிப்பைத் திறந்து ஒன்றைத் தெரிகின்றோம். எழுத்தின் அளவைத் திறந்து ஒன்றைத் தெரிகின்றோம். இவ்வளவும் முடிந்தபின்னரே படத்துக்குத் திரும்புகின்றோம். திரும்பும்போது, எந்தத் தூணைப் பற்றி எழுதவந்தோம் என்று ஒருகணம் தேடுகின்றோம்.

இதற்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பதை ஊகமாகச் சொல்லவேண்டியதில்லை. ஸ்ரூவர்ட் கார்ட், தோமஸ் மோரன், அலன் நியூவெல் என்னும் மூவர் 1980இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இதற்கு அளவு கூறியுள்ளனர். விசையொன்றை அழுத்தத் தேர்ந்த தட்டச்சாளருக்கு 0.20 வினாடி, சாதாரணமாகத் தட்டுகின்றவருக்கு 0.28 வினாடி. சுட்டியைக் கொண்டு திரையில் ஓரிடத்தைக் காட்ட 1.10 வினாடி. விசைப்பலகையிலிருந்து சுட்டிக்குக் கை மாற 0.40. அடுத்துச் செய்வது யாது என்று மனம் ஒருப்படுவதற்கு 1.35. எல்லாம் சராசரிதான், எனினும் கணக்குப் பார்ப்பதற்குப் போதுமானவை.

நாம் சொன்ன குறிப்புக்கு ஏழு சொடுக்குகள்: கருவிக்கு ஒன்று, நிறத்துக்கு இரண்டு, தடிப்புக்கு இரண்டு, எழுத்தளவுக்கு இரண்டு. ஏழு முறை சுட்டிக் காட்டி அழுத்துவதற்கு 9.1 வினாடி. நான்கு முறை மனம் தீர்மானிப்பதற்கு 5.4 வினாடி. கை மாற்றத்துக்கு 0.4. ஆக 14.9 வினாடி. இக்குறிப்பைச் செய்து வைத்துக்கொண்டு ஒரே விசையால் அழைப்பவருக்கோ, ஒரு தீர்மானமும் ஓர் அழுத்தமும்: 1.55 வினாடி. குறிப்பொன்றுக்கு மிச்சம் 13.35 வினாடி. ஒரு நாளில் 300 குறிப்பு எழுதுகின்றவருக்கு 4,005 வினாடி மிஞ்சும். அஃதாவது ஏறக்குறைய ஒரு மணி ஏழு நிமிடம்.

இதில் ஒரு விலக்கும் சொல்லவேண்டும். ஒரே வகைக் குறிப்பைத் தொடர்ந்து எழுதுவோர்க்கு இந்த மிச்சம் கிடையாது. முன்பு தெரிந்த நிறமும் தடிப்பும் அப்படியே நிற்கும். சிவப்பிலிருந்து பச்சைக்கும், பெட்டியிலிருந்து புள்ளிக்கும் மாறிமாறிச் செல்வோர்க்கே இக்கணக்கு முற்றும் பொருந்தும். ஆயின் உண்மையான வேலை அப்படி மாறிமாறித்தானே நடக்கின்றது!

மேற்சொன்ன 14.9 வினாடியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மனத்தின் நேரம் என்பதைக் கவனியுங்கள். அம்மனம் அப்போது கட்டடத்தைப் பற்றி நினைக்கவில்லை. நிறப் பட்டியலைப் பற்றி நினைக்கின்றது. மணிக்கணக்கிலே மிஞ்சும் நேரத்தைவிட, நினைப்பு அறுபடாமல் இருப்பதையே நான் பெரிதாக மதிப்பேன். விட்டத்தின் ஆழத்தையும் கூரைத்தட்டின் உயரத்தையும் மனத்திலே தாங்கிக்கொண்டு படம் பார்க்கின்ற ஒருவர், இடையில் நான்கு முறை வேறொன்றைத் தீர்மானிக்க நேர்ந்தால், தாங்கியிருந்தவற்றுள் ஒன்று கீழே விழும். விழுந்தது எது என்பதும் அவருக்குத் தெரியாது.

இனி அமைக்கும் வகையைச் சொல்வேன். ரெவுவில் இரண்டு படிகள் உண்டு.

முதலாவது, மென்பொருளைச் செய்தோரே தந்துள்ள எழுத்து விசைகள். ரீ என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் எழுத்துப் பெட்டி. கியூ என்றால் அம்புடன் கூடிய பெட்டி. சீ என்றால் மேகக் கோடு. மேகக் கோடு என்பது மாற்றம் நேர்ந்த பகுதியைச் சுற்றிப் போடும் சுருள்சுருளான வளைகோடு; கட்டடப் படங்களுக்கே உரிய வழக்கு அது. நேர்கோடுகள் நிறைந்த படத்தில் நேர்கோடல்லாத ஒன்று உடனே கண்ணிற் படும் என்பதே அதன் காரணம். ஆர் என்றால் செவ்வகம், எல் என்றால் கோடு, ஏ என்றால் அம்பு, எச் என்றால் மஞ்சட் பூச்சு. இவற்றை ஒரு வாரத்தில் விரல் பழகிக்கொள்ளும். அடோபியின் அக்குரோபற் மென்பொருளிலும் இத்தகைய ஒற்றை விசைகள் உண்டு. ஆயின் அங்கே விருப்பத்தேர்வுகளுட் சென்று அவற்றை முதலில் இயக்கிவைத்தல் வேண்டும்.

இரண்டாவது படிதான் நம் பொருள். 'டூல் செஸ்ற்' என்றொரு பலகை ரெவுவில் உண்டு. தச்சர் உளியும் இழைப்புளியும் வைக்கின்ற பெட்டிக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர் அது. ஒரு குறிப்பை ஒருமுறை மாத்திரம் ஆறுதலாக எழுதுங்கள். நிறம், தடிப்பு, எழுத்தளவு எல்லாம் உங்கள் மனத்துக்கு இசைய வரட்டும். பின்னர் அதன்மேற் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, அதைப் பெட்டியிற் சேர்க்கும்படி பணித்தால், 'மை டூல்ஸ்' என்ற தொகுதியிற் போய் அமரும். அங்கே அதற்கு ஓர் எண் உண்டு. அந்த எண்ணை அழுத்தினால் அதே கருவி, அதே நிறம், அதே தடிப்போடு உங்கள் கைக்கு வந்துவிடும். எழுத்துப் பெட்டிக்குள் எழுதிக்கொண்டிருக்கும்போது மாத்திரம் 3ஐ அழுத்தினால் 3 என்ற இலக்கமே விழும். எஸ்கேப் விசையை அழுத்தி வெளியே வந்தபின் எண்ணை அழுத்துக.

போன மேசை இப்படித் திரும்பி வருகின்றது. பென்சில்கள் மறுபடியும் வரிசையிற் கிடக்கின்றன.

அப்பெட்டியில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் இரு நிலைகள் உண்டு. 'புறொப்பட்டீஸ்' என்ற நிலையில், கருவி தன் நிறத்தையும் தடிப்பையும் மட்டும் கொண்டுவரும். வடிவத்தை நீங்கள் வரையவேண்டும். 'டிரோயிங்' என்ற நிலையில், முன்னர் எழுதி வைத்த குறிப்பே, அதன் சொற்கள் உட்பட, அச்சுப்போல் அப்படியே விழும். பலகையிலுள்ள அதன் சின்னத்தை இருமுறை சொடுக்கினால் ஒரு நிலையிலிருந்து மற்ற நிலைக்கு மாறும். இந்த வேறுபாடு தெரியாமல், 'நான் கோடிட்டால் வேறேதோ வந்து விழுகின்றதே' என்று வெறுத்துப் பெட்டியையே மூடிவிட்டவர்கள் பலர். பிற்பாடு நாம் பார்க்கப்போகும் ஆபத்துக்கும் இவ்வேறுபாடே அடிப்படை; ஆகவே மனத்திற் கொள்ளுங்கள்.

எந்தக் கருவிக்கு எந்த எண்? வலக்கையால் சுட்டியைப் பிடிப்பவருக்கு இடக்கை விசைப்பலகையின் இடப்புறத்தில் ஓய்ந்து கிடக்கும். அவ்விடக்கை எட்டிப் பிடிக்கக்கூடியவை 1 முதல் 5 வரையுள்ள எண்கள். இடக்கைக்காரர் இதை மறுதலையாகக் கொள்க. ஆகையால் மிகுதியாகப் பயன்படும் ஐந்து கருவிகள் அவ்வைந்து இடங்களுக்கும் உரியன. பலர் தங்களிடமுள்ள அழகான கருவிகளையெல்லாம் சேர்த்து நாற்பது ஐம்பது என்று பெட்டியை நிறைப்பதை நான் கண்டிருக்கின்றேன். நிறைந்த பெட்டியிலும் தேடத்தான் வேண்டும். தேடுவது என்றால் மறுபடியும் மனம் படத்தை விட்டுப் போவதுதான். ஒன்பதுக்கு மேல் விரல் நினைவு வைத்திராது என்பது என் அனுபவம். எவை மிகுதி என்பதை ஊகத்தால் முடிவுசெய்தலும் ஆகாது. ஒரு வாரம் செய்த படங்களை எடுத்து, ரெவுவின் 'மார்க்அப்ஸ் லிஸ்ற்' என்ற அட்டவணையைத் திறந்தால், இட்ட குறிப்புகள் யாவும் வகைவகையாக நிற்கும். அங்கே எண்ணிப் பாருங்கள். நீங்கள் பெரிதாக நினைத்த கருவி ஆறு முறையும், நினையாத கருவி நூறு முறையும் வந்திருக்கும். ஒருமுறை வைத்த இடத்தை அடிக்கடி மாற்றுதலும் கூடாது. பழகிய விரலை ஏமாற்றுவது அது.

சுருக்கெழுத்துப் பயின்ற நேயர்களுக்கு இவையெல்லாம் புதுமையல்ல. ஐசாக் பிற்மன் 1837இல் தமது முறையை வெளியிட்டார். அதிகம் வழங்கும் சொற்களுக்குத் தனிக்குறிகள் அம்முறையில் அமைந்துள்ளன. அடிக்கடி வருவது குறுகவேண்டும், அரிதாக வருவது நீளலாம் என்பதே அங்கும் விதி. அச்சுருக்கெழுத்திலிருந்து கற்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. தம் வசதிக்கெனத் தாமே குறிகளைக் கற்பித்துக்கொண்ட சுருக்கெழுத்தாளரின் ஏட்டை, அவர் நோயுற்று வராத நாளில் மற்றவர் எவராலும் வாசிக்க முடிவதில்லை. ஓர் அலுவலகத்தில் ஒருவர் மின்சாரக் குறிப்புக்கு நீலமும், அடுத்தவர் அதே நீலத்தை நீர்க்குழாய்க்கும் வைத்துக்கொண்டால், வேகம் கூடும், விளக்கம் கெடும். இதற்குப் பரிகாரம் ரெவுவிலேயே இருக்கின்றது. ஒரு கருவித் தொகுதியை பீ.ரீ.எக்ஸ். என்ற வகைக் கோப்பாக வெளியே எடுத்து, எல்லாருக்கும் கொடுக்கலாம். அலுவலகத்தில் அனுபவமுள்ள ஒருவர் அமைத்த தொகுதியை எல்லாரும் ஏற்று, அதற்குமேல் வேண்டுமானால் தத்தமக்கு இரண்டொரு கருவி சேர்ப்பதே முறை. ஒவ்வொரு கருவிக்கும் 'சப்ஜெக்ற்' என்ற இடத்தில் ஒரு பெயர் எழுதி வைத்தால், அட்டவணையில் அப்பெயர்ப்படி பிரித்துப் பார்க்கலாம், எண்ணலாம். பெயரெழுதாது விட்டால், முந்நூறு குறிப்புகளும் 'பெட்டி', 'பெட்டி' என்றே வரும். அந்த அட்டவணை யாருக்கு உதவும்?

நிற்க. இதுவரை விரைவின் நன்மையைச் சொன்னேன். இனி மறுபக்கம்.

ஐக்கிய அமெரிக்காவில் மிசூரி மாநிலத்துக் கான்சஸ் நகரில் ஹயற் ரீஜென்சி என்ற ஹோட்டல் 1980இல் திறக்கப்பட்டது. அதன் முன்மண்டபத்துக்கு மேலே, அந்தரத்திலே தொங்கும் நடைபாலங்கள் இருந்தன. நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர்கீழே இரண்டாம் மாடிப் பாலம். கூரையிலிருந்து இறங்கும் நீண்ட உருக்குக் கம்பிகள், நான்காம் மாடிப் பாலத்தைத் துளைத்துச் சென்று இரண்டாம் மாடிப் பாலத்தையும் தாங்கவேண்டும் என்பது முதல் வரைபு. அத்துணை நீண்ட கம்பியில் மரைவெட்டி ஆணிபூட்டுவது வேலைசெய்வோர்க்குக் கடினம். ஆகவே ஒரு கம்பிக்குப் பதிலாக இரண்டு என மாற்றினார்கள். மேற்கம்பி கூரையிலிருந்து நான்காம் மாடி வரை; கீழ்க்கம்பி நான்காம் மாடிப் பாலத்தின் விட்டத்திலிருந்து இரண்டாம் மாடி வரை. பார்வைக்கு அற்ப மாற்றம். ஆயின் முன்பு தன் பாலத்தை மட்டும் தாங்கிய நான்காம் மாடி இணைப்பு, இப்போது கீழ்ப்பாலத்தையும் சேர்த்துத் தாங்கவேண்டியதாயிற்று. சுமை இருமடங்கு. கயிற்றில் ஒருவர் தொங்க, அவர் காலைப் பிடித்து இன்னொருவர் தொங்குவதை எண்ணிக்கொண்டால் விளங்கும்.

இம்மாற்றத்தைக் காட்டிய செயற்படங்கள் 1979இல் பொறியியலாளரின் அலுவலகத்துக்குச் சென்றன. பார்வையிடப்பட்டன என்ற முத்திரையுடன் திரும்பின. அந்த இணைப்பு தாங்கவேண்டிய பாரம் புதிதாகக் கணிக்கப்படவில்லை. 1981 யூலை 17ஆந் திகதி மாலை, மண்டபத்தில் நடனம் நடந்துகொண்டிருக்கையிற் பாலங்கள் இரண்டும் ஒன்றன்மேலொன்றாக வீழ்ந்தன. 114 பேர் மாண்டனர். இருநூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். முதல் வரைபின்படி கட்டியிருந்தாலும் நகரக் கட்டட விதி கேட்ட பலத்தில் 60 வீதமே அவ்விணைப்புக்கு இருந்திருக்கும் என்று பின்னர் நடந்த அரசாங்க ஆய்வு கூறியது. பொறுப்பாயிருந்த பொறியியலாளர்கள் அம்மாநிலத்திற் தொழில்புரியும் உரிமையை இழந்தனர்.

அக்காலத்தில் இந்த மென்பொருளும் இல்லை, ஒற்றை விசையும் இல்லை. முத்திரை கையால் இட்டது. அதை எடுத்து மையிலே தோய்த்துத் தாளில் அழுத்துவதற்கு இரண்டு வினாடியாவது சென்றிருக்கும். அந்த இரண்டு வினாடிகூட இல்லாத முத்திரையை இப்போது நாம் 1 என்ற எண்ணிலே வைத்திருக்கின்றோம் என்பதை நினைத்தால் உள்ளம் திடுக்கிடுகின்றது. ஆதலின் என் துணிபு இது: வினாவையும் ஐயத்தையும் பிழையையும் எழுதும் கருவிகள் யாவும் ஒற்றை விசையில் இருக்கட்டும். 'பார்வையிடப்பட்டது', 'ஏற்கப்பட்டது' என்னும் முத்திரைகள் மாத்திரம் எந்த விசையிலும் இருத்தல் ஆகாது. அவை வேறொரு தொகுதியில், திறந்து தேடி எடுக்கவேண்டிய இடத்தில் கிடக்கட்டும். அங்கே 14 வினாடி செல்லுமாயின் செல்லுக. பிழை கண்டவர் தயங்கினால் ஒரு பிழை தப்பிவிடும். சரியென்று சொல்லுகின்றவர் தயங்கினால் ஒருவருக்கும் கேடில்லை.

முன்பு சொன்ன 'டிரோயிங்' நிலைக்கும் இவ்வாறே ஒரு காவல் வேண்டும். அடிக்கடி எழுதும் வாக்கியத்தை அந்நிலையிற் சேர்த்து வைப்பது பெரும் வசதி. அறுபது எழுத்துள்ள வாக்கியத்தை மறுபடி தட்டச் சாதாரணமானவருக்கு 16.8 வினாடி, எழுத்துப் பிழையும் வரலாம். ஆயின் 'கட்டடக் கலைஞரின் படத்தோடு இவ்வளவு ஒத்துவரவில்லை. சரிபார்க்க' என்ற வாக்கியத்தை நாற்பது இடங்களில் நாற்பது முறை அழுத்தி விட்டால், வாசிப்பவர் அதை மூன்றாம் முறைக்குப் பின் வாசிக்கமாட்டார். எழுதினவரும், எந்த அளவு எதனோடு மாறுபட்டது என்பதை உண்மையில் நோக்கினாரா என்பது ஐயமே. இதற்கு எளிய வழி, வாக்கியத்துக்குள் வெற்றிடம் விட்டு வைத்தல். 'இங்கே அளவு —, கட்டடக் கலைஞரின் — ஆம் படத்தில் —, எது கொள்ளத்தக்கது?' என்று அமைத்தால், விசை அழுத்தியவுடன் வேலை முடியாது. மூன்று இடங்களை நிரப்பவேண்டும். நிரப்ப வேண்டுமானால் மற்றப் படத்தைத் திறந்து பார்த்தே தீரவேண்டும். சொற்களைத் தட்டும் உழைப்பு மிச்சம். பார்க்கும் உழைப்பு அப்படியே நிற்கின்றது. வெற்றிடம் நிரப்பாமல் விடப்பட்ட குறிப்பு, பார்க்காமல் இட்ட குறிப்பென்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கவும் செய்யும்.

நம் நாட்டு இளைஞரும் யுவதிகளும் இத்துறையிற் பலராக உழைக்கின்றனர். வளைகுடா நாடுகளில் இலங்கைக் கணிய அளவையாளர்களுக்கு நெடுங்காலமாக மதிப்புண்டு. கொழும்பிலிருந்தபடியே கடல்கடந்த நாட்டுக் கட்டடங்களுக்கு அளவெடுத்துக் கொடுக்கும் அலுவலகங்களும் இருக்கின்றன. அவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அளவெடுக்கும் விதி நாட்டுக்கு நாடு வேறு. இங்கே எஸ்.எல்.எஸ். 573, பிரித்தானியாவில் 2012இல் வெளியான என்.ஆர்.எம். 2. ஒரே சுவரை அளந்தாலும், எந்தத் துவாரத்தைக் கழிப்பது, எதைக் கழியாது விடுவது, எதை நீளத்தாலும் எதைப் பரப்பாலும் கூறுவது என்பவற்றை அந்தந்த விதிநூலைப் பார்த்தே செய்யவேண்டும். ஆகவே ஒரு விதிநூலுக்கு ஒரு கருவித் தொகுதி என்று வகுத்து, தொகுதியின் பெயரிலேயே அந்நூலின் பெயரையும் எழுதி வையுங்கள். காலையில் இலங்கைக் கட்டடத்துக்கும் மாலையில் இலண்டன் கட்டடத்துக்கும் ஒரே தொகுதியால் அளந்தால், பழகிய விரல் பழகியதையே செய்யும். அளவு வேறுபடும், விலைமனுவிலே பணமாக வேறுபடும். நள்ளிரவில் விலைமனுவை அனுப்பவேண்டிய நெருக்கடியில் இவ்வேறுபாடு எவர் கண்ணுக்கும் படாது.

இறுதியாக, கணினி மாறும்போதும் வேலை மாறும்போதும் செய்யவேண்டியது. நீங்கள் இட்ட குறிப்புகள் பீ.டீ.எவ். கோப்பினுள்ளேயே பதிந்திருப்பதால், வேறு மென்பொருளிலும் திறந்து பார்க்கலாம். கருவித் தொகுதி அப்படியன்று. அது ரெவுவுக்கே உரியது, உங்கள் கணினியிலே கிடப்பது. 2022இல் வந்த ரெவு 21 முதல் அம்மென்பொருள் சந்தா முறைக்கு மாறியுள்ளது. பழைய பதிப்பிலிருந்து புதியதற்குச் செல்வோர் தொகுதியை முன்னரே கோப்பாக எடுத்து, வேறிடத்தில் ஒரு படி வைத்துக்கொள்ளல் நலம். அலுவலகத்தை விட்டு விலகுபவர், தம் தொகுதியை அடுத்து வருபவருக்குக் கொடுக்கும்போது, எந்த எண்ணுக்கு எந்தக் கருவி, எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுப்பாராக. பத்து நிமிட வேலை அது. புதிதாக வந்தவர் அத்தாளை விசைப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டால், இரண்டு வாரத்தின் பின் அதை உரித்து எறியலாம்.